ஒருவருக்கு மட்டும் ஒரு மேஜை

“இருபதுக்குப் பதினொண்ணு. அதுவும் என் தங்கச்சியைக் கட்டிக்கொடுத்த ஊருங்கிறதால,” என்றார் காஸ்பார்.

ஓய்வுபெற்ற லத்தீன் வாத்தியார். திருத்துவதற்குப் பரீட்சைத் தாள்கள் இல்லாமல் போனதும் உணவகங்களைத் திருத்த ஆரம்பித்துவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதனால் ஊர் ஊராகச் சாப்பிட நேரம் இருந்தது.

உணவக மேஜையில் எதிரே உட்கார்ந்திருந்த தங்கை கணவர் யோரிஸ், பிரஸ்ஸல்ஸ்காரர், கோபப்படவில்லை.

“எங்க ஊர்ல எதுல மார்க் குறைஞ்சது மச்சான்? சாப்பாட்டுலயா?”

“சாப்பாடு பரவாயில்ல. கோட்டு மாட்டுற இடத்துக்குப் பக்கத்துல உட்கார வச்சான். சூப் குடிக்கறப்போ எவனோட கோட்டுக் கையோ வந்து கன்னத்தைத் தடவுது.”

“கோபன்ஹேகன்?”

“கூழாங்கல்லு மேல பாசியை வச்சுக் கொண்டுவந்தான். எதைத் திங்கணும், எதைத் திருப்பிக் கொடுக்கணும்னு ஒருத்தனும் சொல்லல. ஒன்பது.”

“பாரிஸ்?”

“தனியாவா வந்திருக்கீங்கன்னு ரெண்டு தடவை கேட்டான். எட்டு.”

“அப்ப உங்க லியோன்?”

காஸ்பார் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “பதினெட்டு. இங்க ஆளைப் பார்த்ததும் புரிஞ்சுக்கறாங்க மாப்ள. வழக்கமா நான் வியாழக்கிழமை ஒண்டியா வர்றவன். இன்னைக்கு உனக்காகச் சனிக்கிழமை. ஆனா கவனிப்புல ஏதாவது குறைஞ்சுதா பாரு. சாப்பிடத் தெரிஞ்சவனுக்குன்னு ஒரு முகம் இருக்கு.”

குறை ஒன்றும் இல்லைதான். ரொட்டி ஆறிப்போயிருக்கும் என்று பரிமாறுகிற த்ரிஸ்தான் கேட்காமலே சூடாக வேறு கொண்டுவந்து வைத்திருந்தார்.

அப்போதுதான் காஸ்பாரின் கண் ஜன்னலோர மேஜைக்குப் போனது. அங்கே ஒரு பெரியவர், தனியாக. சமையல்காரரே வெளியே வந்து, தொத்திறைச்சி பதமாக வெந்திருக்கிறதா என்று குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

பெரியவரின் மடியிலிருந்து நாப்கின் நழுவி விழுந்தது. பக்கத்தில் தண்ணீர்க் குடுவைகளை நிரப்பிக்கொண்டிருந்த பணியாள் இன்னொரு பணியாளிடம் கிசுகிசுத்தார். “கையேட்டுக்காரர் மறுபடியும் கீழ போட்டுட்டார். வேணும்னேதான். ஓடு.”

“கையேடா?” என்றார் யோரிஸ்.

“உணவகத்துக்கு நட்சத்திரம் கொடுக்கற புத்தகம் இருக்கில்ல, அதுக்காக வேவு பார்க்க வர்றவங்க,” என்று வாத்தியார் பாடம் எடுத்தார். “தனியா வருவாங்க. பொய்ப் பேர்ல மேஜை பிடிப்பாங்க. நாப்கினைக் கீழ போட்டு, எவ்வளவு சீக்கிரம் எடுக்கறாங்கன்னு பார்ப்பாங்க. ஒவ்வொரு உணவகத்துலயும்...”

பெரியவர் இந்தப் பக்கம் திரும்பினார். காஸ்பாரின் பாடம் நின்றது.

“ஃபயோல்! மாப்ள, இது ஃபயோல். குன்று ரயில் ஓட்டினவர். காலம் பூரா மேலயும் கீழயும் போய்வந்த ஆளு. இவர் பரிசோதகராம். இவங்களும் நம்பிக்கிட்டு ஓடறாங்க.”

“விடுங்க மச்சான். அவர் ஒண்ணும் கேட்கலியே.”

“இது உண்மை சம்பந்தப்பட்ட விஷயம்,” என்று காஸ்பார் கையை உயர்த்தினார். முதலாளி ஒடில் வந்தார்.

“மதாம், உங்க ஆளுங்க ஒரு ரயில் டிரைவருக்குப் பல்லக்குத் தூக்கறாங்க.”

“முசியே ஃபயோல்தானே? தெரியும்.”

“தெரியுமா? அப்போ கையேட்டு ஆளுன்னு இவங்ககிட்ட யார் கதை விட்டது?”

“நான்தான்.”

ஒடில் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “சம்சாரம் இறந்தப்புறம் முதல் தடவையா தனியா வந்தார். எங்க ஆளுங்க கெட்டவங்க இல்ல. ஆனா ஒத்தை ஆளுக்கு நல்ல மேஜை எதுக்குன்னு கழிவறைக் கதவுக்கிட்ட உட்கார வச்சாங்க. ரொட்டிக்குக் கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். பாதிச் சாப்பாட்டுல எழுந்து போயிட்டார். கை நடுக்கம் வேற. அதான் நாப்கின் விழுது.”

“அன்பா இருங்கடான்னு சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னேன். ரெண்டு நாள் இருந்தாங்க. பரிசோதகர்னு சொன்னேன், அவர் சனிக்கிழமை தவறாம வர்றார், இவங்களும் இன்னும் அன்பா இருக்காங்க.”

“வாரா வாரமா பரிசோதகர் வருவார்?” என்றார் யோரிஸ்.

“நட்சத்திர ஆசை இருக்கறவன் எதையும் நம்புவான். நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அடுத்த வாரம் அவர் மறுபடியும் அந்தக் கதவுக்கிட்டதான். இல்ல, வீட்டுலயே டப்பா சூப்.”

காஸ்பார் யோசித்தார். “பொய்யால வந்த மரியாதை எப்படி மரியாதை ஆகும் மதாம்?”

“அவருக்குத் தெரியாத வரைக்கும் மரியாதைதான் முசியே.”

ஜன்னலோரத்தில் ஃபயோல் தட்டில் மிச்சமிருந்த குழம்பை ரொட்டியால் நிதானமாகத் துடைத்துக்கொண்டிருந்தார். காஸ்பார் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“சரி, நான் எதுவும் சொல்லல. இருந்தாலும் பாவம். இதெல்லாம் தனக்காகத்தான்னு நினைச்சுக்கிட்டிருக்கார்.”

ஒடில் ரொட்டிக் கூடையைக் காஸ்பார் பக்கமாக நகர்த்திவிட்டுச் சமையலறைக்குப் போனார். காஸ்பார் கை கழுவ எழுந்தார். கழிவறைக் கதவு சாத்திக்கொண்டதுதான் தாமதம், த்ரிஸ்தான் யோரிஸின் காதருகே குனிந்தார்.

“முசியே, உங்க மச்சான் மதாமைக் கூப்பிட்டுப் பேசினாரே, எங்க மேல எதுவும் குறையா?”

“ஏன்?”

“ஜன்னலோரத்து முசியே ஒரு கையேட்டோட ஆளு, வியாழக்கிழமை வர்ற உங்க மச்சான் வேற கையேட்டோட ஆளுன்னு மதாம் சொல்லியிருக்காங்க. எங்களுக்கு நட்சத்திரம் போடுவாரா?”

யோரிஸ் சாத்தியிருந்த கதவைப் பார்த்தார்.

“திருப்தியாத்தான் இருக்கார். ஆனா, உங்களுக்கு விஷயம் தெரியும்னு அவருக்கு மட்டும் தெரியவே கூடாது.”