அரை லீட்டர் ஒயில்

"கண்ட கண்ட ஒயில ஊத்தி என்ட டர்போவக் கொண்டுபோட்டியே, பாஹிம்!"

றேமண்ட் போட்ட சத்தத்தில் அந்தக் கொட்டாஞ்சேனை ஒழுங்கை முழுக்க ஜன்னல்கள் திறந்தன. திறக்காத ஒன்றிரண்டு வீட்டுக்காரரும் ஏற்கெனவே வாசலுக்கு வந்திருந்தார்கள்.

"அங்கிள், நான் போட்டது மெல்லிய ஒயில், ஃபைவ் தேர்ட்டி. கார்டிலயும் எழுதி பொனட்டுக்குள்ள கட்டியீக்கி," என்றார் கராஜ்காரர் பாஹிம், கையைத் துணியில் துடைத்தபடி.

"கார்டில ஒண்ட எழுதிப்போட்டு எஞ்சினுக்குள்ள வேறொண்ட ஊத்தினா ஆருக்குத் தெரியும்?"

கோபத்துக்குக் காரணம் இருந்தது. மகள் றஷ்மிக்குச் சீதனமாகப் பேசியிருந்தது அந்த ஜப்பான் காரைத்தான். பெண்ணை ஒருமுறை பார்த்துச் சரியென்ற மாப்பிள்ளை ஹியூபேட், காரைப் பார்க்க அன்று மூன்றாவது தடவையாக வந்திருந்தார். ஒருக்கா ஓடிப் பார்ப்போமே என்றார்.

ஒருகொடவத்தைப் பாலத்தில் ஏறும்போது கார் பிரஷர் குக்கர் மாதிரி விசிலடித்தது. எவ்வளவு மிதித்தாலும் இழுக்கவில்லை. பின்னால் வந்த கன்டெய்னர் லொறி ஹோர்ன் அடித்தே தள்ளியது. முந்திப் போன த்ரீவீலரில் இருந்தவர்கள் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

இப்போது ஹியூபேட் சாவியை விரலில் சுழற்றியபடி வாசலில் நின்றார். "முதல்ல காரச் சரிப்படுத்துங்க அங்கிள். பிறகு கலியாணத் திகதியப் பாப்பம்."

றேமண்ட் இவ்வளவு சத்தம் போட்டதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. டர்போ படுவேகமாகச் சுற்றுகிற சாமான், அதன் சின்னத் துவாரங்களுக்குள் மெல்லிய ஒயில்தான் கெதியாகப் போகும் என்று பாஹிம் பத்துத் தடவை சொல்லியிருந்தார். காரோடு வந்த புத்தகமோ முழுக்க ஜப்பான் பாஷை. முப்பது வருஷம் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த மனுசனுக்கு ஒயிலைப் பற்றி இன்னொருவர் சொல்லித்தரவும் வேண்டுமா?

தண்ணீர் மாதிரி இருக்கிற ஒயில் கொழும்பு வெயிலுக்குத் தாங்காது என்று அவரே முடிவு கட்டினார். பழைய வேனுக்கு வாங்கி மிஞ்சிக் கிடந்த டுவென்டி ஃபிஃப்டி என்ற தடித்த ஒயிலில் அரை லீட்டரை இரண்டு கிழமைக்கு முன் ஒருவருக்கும் தெரியாமல் ஊற்றியும் விட்டார். தார் மாதிரி இறங்கியது. அப்போது அது அவருக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

"றஷ்மி!" மேல்மாடியிலிருந்து மனைவி டோரினின் குரல். "தையல் மெசின்ட ஸ்க்ரூ டிரைவர் எங்கடி? அந்தச் சிவப்புப் பிடி வச்சது! நேத்து நீதானே எடுத்தனீ?"

நேரம் காலம் தெரியாத மனுசி என்று றேமண்ட் பல்லைக் கடித்தார். காரருகே நின்ற றஷ்மி நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

பாஹிம் பொனட்டைத் திறந்தார். குனிந்து உள்ளே கையை விட்டுத் தடவினார். பிறகு துணிக்குள் எதையோ சுருட்டிக் களிசான் பொக்கெற்றுக்குள் செருகிக்கொண்டு நிமிர்ந்தார். றஷ்மியை ஒருதரம் பார்த்தார். அவள் கழுத்துச் சிலுவையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

பொனட்டை மூடினார். "சரி அங்கிள். என்ட பிழைதான். ஒயில் மாறிப் போச்சி."

றேமண்ட் இன்னும் நாலு ஏச்சு மிச்சம் வைத்திருந்தார். செய்யாத பிழையை ஒருவன் தன் தலையில் தூக்கி வைக்கிறான். செய்தவர் மாப்பிள்ளையையும் திறந்திருந்த ஜன்னல்களையும் பார்த்தார். பிறகு வீட்டுக்குள் போனார்.

மறுநாளே பாஹிம் காரைக் கொண்டுவந்து விட்டார். பூனை மாதிரி ஓடியது. ஆனால் ஹியூபேட் திரும்பி வரவில்லை. நத்தார் பண்டிகைக்கு முன்னமே ஹைபிரிட் காரோடு பொரளை நிலூஷாவைக் கட்டிக்கொண்டு மெல்பனுக்குப் போய்விட்டார்.

பாஹிம் ஒயிலை மாற்றி ஊற்றுகிறவர் என்ற கதை மட்டும் ஒழுங்கையில் தங்கிவிட்டது. வாடிக்கைக்காரர் பாதிப்பேர் வேறு கராஜ் தேடிப் போனார்கள். றேமண்டும் அந்த வாசலைக் கடக்க முகமில்லாமல், பாண் வாங்கக்கூடச் சுற்றுப் பாதையால் போய்வந்தார்.

அடுத்த வருஷம் றஷ்மி பள்ளிக்கூடத்து ரெனால்ட் மாஸ்டரைக் கட்டி வத்தளைக்குப் போனாள். கார் கேட்காத மாப்பிள்ளை. கேட்டும் பயனில்லை, அவருக்கு லைசென்ஸே கிடையாது.

மகளை அனுப்பிய மறுநாள் றேமண்ட் கராஜுக்குள் நுழைந்தார். நிலத்தைப் பார்த்துக்கொண்டே கதைத்தார்.

"பாஹிம், அண்டைக்கு உம்மட பிழை இல்ல. டுவென்டி ஃபிஃப்டி அரை லீட்டர் நான்தான் ஊத்தினனான். ஊருக்கு முன்னால உம்ம ஏசினனே... மன்னிச்சுக்கொள்ளும்."

பாஹிம் அவரை வியப்போடு பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்.

"அரை லீட்டருக்கு டர்போ சாகாது அங்கிள். அண்டைக்கு டர்போக்கு ஒண்டுமே நடக்கல்ல. காத்துப் பைப்ப இறுக்கிற க்ளிப்ப ஆரோ கழட்டி உட்டீந்திச்சி. அதான் விசில்."

"கழட்டினதோ? ஆர்?"

பாஹிம் மேசை லாச்சியை இழுத்தார். சிவப்புப் பிடி வைத்த சின்ன ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுத்துத் துடைத்து, றேமண்டின் கையில் வைத்தார்.

"டோரின் ஆன்ட்டி இன்னமும் தேடுறாவா?"