ஐஸ் வியர்க்கும் வரை

குலுக்கினாள்.

புட்டியில் இருந்த தடுப்பூசி மருந்து பால்போலக் கலங்கியிருக்க வேண்டும். கலங்கவில்லை. சின்னச் சின்னத் துகள்கள் மிதந்தன. புட்டியை மேசையில் வைத்ததும் ஒவ்வொன்றாக அடியில் போய் உட்கார்ந்தன.

ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தாள். மறுபடி குலுக்கினாள்.

உறைந்து உருகிய மருந்து. சந்தேகமே இல்லை.

"நர்ஸக்கா, பிள்ளைய மடியில வச்சுக்கவா?" என்றாள் பெஞ்சில் இருந்தவள்.

"செத்த இரு தாயி. இந்த மருந்து சரியில்ல. வேற வரட்டும்."

பெஞ்சில் இருந்தது இன்றைக்கு இரண்டாவது பிள்ளை. முதல் பிள்ளைக்கு இதே புட்டியிலிருந்துதான் போட்டிருந்தாள். முக்கால் மணி நேரம் ஆகிறது.

அடிப் பாவி. பதினெட்டு வருஷ சர்வீஸ்.

புதன்கிழமை தவறாமல் செய்கிற வேலை. ஐஸ் பேக்கை ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு மருந்துப் பெட்டியில் அடுக்கக் கூடாது. வெளியே வைக்க வேண்டும். மேலே வியர்க்க வேண்டும். காதோரம் குலுக்கினால் உள்ளே தண்ணீர் ஆடும் சத்தம் கேட்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அதன் பக்கத்தில் மருந்தை வைக்கலாம். இல்லாவிட்டால் மருந்தும் உறைந்துவிடும். புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கெல்லாம் இதை அவள்தான் படித்துப் படித்துச் சொல்லுவாள்.

இன்று ஐஸ் வியர்க்கவில்லை. அவள் காத்திருக்கவும் இல்லை.

எல்லாம் அந்தத் திருமேனிக்காக.

முதல் பிள்ளையின் தாய் வள்ளிமயிலின் புருஷன். எட்டரை மணி பஸ்ஸைப் பிடித்துத் திருச்சி போய், சாயங்காலம் விமானம் ஏறுகிறான். குவைத். இனி வர இரண்டு வருஷம் ஆகும். நேற்று நர்ஸின் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, மொத ஊசி போட்டப்ப நான் ஊர்ல இல்ல. இந்த ஒரு ஊசிக்காவது பிள்ளைய நான் புடிச்சுக்கிறேங்க்கா. வெள்ளனப் போட்டுவிடுங்களேன்."

எப்படி மாட்டேன் என்பது? ஏழு மணிக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பெட்டியைக் கட்டி, ஊசி போடும் இடத்துக்குக் கொண்டுவந்தாள். கல்லாய்க் கிடந்த ஐஸோடு.

எட்டு மணிக்குத் திருமேனி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். புட்டியைத் தொட்டபோது விரல் மரத்தது. உள்ளங்கையில் உருட்டிக் குளிரைப் போக்கினாள். அப்போதாவது தோன்றியிருக்க வேண்டாமா?

ஊசி இறங்கியதும் பிள்ளை வீறிட்டது. பிள்ளையைவிட அவன்தான் அதிகம் அழுதான்.

வள்ளிமயில் சிரித்துவிட்டாள்.

இந்நேரம் பஸ் ஊரைத் தாண்டியிருக்கும்.

புட்டியைக் கைக்குள் மூடிக்கொண்டாள். யாருக்குத் தெரியப் போகிறது? ஒரே ஒரு பிள்ளை. அட்டையில் தேதி எழுதியாயிற்று. உறைந்த மருந்து உடம்புக்குக் கெடுதல் எதுவும் செய்துவிடாது. காய்ச்சல்கூட வராது.

ஒன்றுமே செய்யாது. பயமே அதுதான்.

ஊசி போட்டாயிற்று என்று தாய் நிம்மதியாக இருப்பாள். இந்த ஊசி தடுக்க வேண்டிய கக்குவான் இருமல் வந்தால் பிள்ளை தாங்குமா? வேலைக்குச் சேர்ந்த வருஷம் ஒரு பிள்ளை இருமி இருமி உதடு நீலமானதைப் பார்த்தவள் அவள். அந்தத் தாயின் முகம் இன்னும் மறக்கவில்லை.

டாக்டருக்குப் போன் போட்டாள்.

வாங்கு வாங்கென்று வாங்கினார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கடைசியில் அவர் குரல் இறங்கியது.

"புது மருந்து குடுத்தனுப்புறேன். போய் உள்ளத உள்ளபடி சொல்லுங்க. சம்மதிச்சா மறுபடி போடுங்க."

மருந்து வந்தது. நாலு தடவை குலுக்கிப் பார்த்தாள். பெஞ்சில் காத்திருந்த பிள்ளைக்குப் போட்டு அனுப்பினாள். பிறகு பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வள்ளிமயில் வீட்டுக்கு நடந்தாள்.

சம்மதிக்காவிட்டால்? இனி எந்த ஊசிக்கும் பிள்ளையைக் காட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டால்?

வள்ளிமயிலின் கண் வீங்கியிருந்தது. பஸ் ஏற்றிவிட்டு வந்து அழுதிருக்கிறாள்.

"வாங்கக்கா. காப்பி போடவா?"

வேண்டாம் என்றாள். நின்றபடியே சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. மருந்து உறைந்துபோனது, தப்பு தன்னுடையது, பிள்ளைக்குக் கெடுதல் இல்லை, பலனும் இல்லை, மறுபடி போட வேண்டும்.

வள்ளிமயில் தொட்டிலைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப, அவரு புடிச்சது?"

"மன்னிச்சிரு தாயி" என்றாள்.

வள்ளிமயில் தொட்டிலிலிருந்து பிள்ளையை எடுத்தாள். தூக்கம் கலையாமல் மடியில் கிடத்திக்கொண்டாள். இடது தொடையில் ஊசி குத்திய இடம் லேசாகச் சிவந்திருந்தது. அதை விரலால் தொட்டாள். தடவிக் கொடுத்தாள். துணியை இழுத்து மூடினாள்.

அவ்வளவுதான், இனி ஊசி போட விடமாட்டாள் என்று நினைத்தாள் நர்ஸ்.

வள்ளிமயில் பிள்ளையைத் திருப்பி, வலது தொடையை விலக்கிக் காட்டினாள்.

"அது அவரு புடிச்சது. அப்படியே இருக்கட்டும். இத நான் புடிக்கிறேன்."

பெட்டியைத் திறக்க நர்ஸுக்குச் சற்று நேரமாயிற்று.