பக்கத்து சீட்டுத் தலை

மறுபடியும் அந்தத் தலை பேட்ரிசியாவின் தோளில் வந்து சாய்ந்தது. எண்ணெய் காணாத சிக்குமுடி. கிட்டத்தில் பார்த்தால் ஈரும் பேனுமாய் நெளிந்தது. அவள் ஜன்னலோரமாக ஒடுங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் மேலப்புதூரில் அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். வந்த இடமெல்லாம் தட்டிப்போய், டீச்சருக்கு முப்பது நெருங்கிவிட்டது. அதற்கென்றே பெரம்பலூரிலிருந்து கட்டிக்கொண்டு கிளம்பிய புது ஜார்ஜெட்டில் இப்படியொரு பீடை.

பாடாலூரில் ஏறியவள் அந்தப் பெண். உட்கார்ந்ததுமே, "கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா" என்று கூஜாவைப் பார்த்துக் கை நீட்டினாள். அந்த அழுக்கு நகங்களைக் கண்டதும் பேட்ரிசியா கூஜாவைக் காலுக்கடியில் தள்ளிவிட்டாள்.

"தீந்துபோச்சு."

தண்ணீர் உள்ளே தளும்பிய சத்தம் இருவருக்குமே கேட்டது. அப்புறம் அவள் கேட்கவில்லை, தூங்கிவிட்டாள். தூங்குகிறவள் அந்தப் பக்கம் சாய்ந்து தூங்கக் கூடாதா? உடம்பு வேறு அடுப்பாய்க் கொதித்தது. இடம் மாறலாமென்றால், சமயபுரத்துக் கூட்டம் ஏறி பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை.

பேட்ரிசியா முழங்கையால் இடித்தாள். "ஏம்மா, தள்ளி உக்காரு. தலையா இது, பேன் சந்தையா?"

அவள் அசைந்து கொடுக்கவில்லை.

கொள்ளிடம் பாலத்தில் காற்று அடித்தது. நல்லவேளையாக அந்த உடம்புச் சூடும் தணிந்திருந்தது. பேன்கள்தான் இப்போது சாரிசாரியாக ஜார்ஜெட்டுக்கு இறங்கின. பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பேன் தலைகளைப் பார்த்தவள்தான். இருந்த தலையைக் காலி செய்துகொண்டு அவை இப்படிக் கிளம்பி அவள் பார்த்ததில்லை. சீ, சீ என்று கைக்குட்டையால் தட்டித் தட்டிக் கை ஓய்ந்தது. ஒன்று கழுத்தில் ஊர்ந்தபோது அழுகையே வந்துவிட்டது.

மெயின்கார்டு கேட்டில் பஸ் நின்றது.

"கண்டக்டர், முதல்ல இந்தம்மாவை எழுப்புங்க. நான் எறங்கணும். என் மேலெல்லாம் பேனை ஏத்தி விட்டுட்டு சொகமாத் தூங்குது."

கண்டக்டர் பிச்சைமுத்து அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டு உலுக்கினார். பிறகு மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்த்தார். மெதுவாகத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பேட்ரிசியாவைக் கேட்டார்.

"போயிட்டாங்கம்மா. கடைசியாத் தண்ணி ஏதும் கேட்டாங்களா?"