தட்டிலிருந்து இருபது கிராம்

மருமகள் தண்ணீர் பிடிக்கத் திரும்பியதுதான் தாமதம், பேத்தியின் தட்டிலிருந்த வெண்ணெயைக் கரண்டியால் ஒரே இழுப்பில் வழித்து, கைக்குள் இருந்த காகிதத்தில் மடித்துவிட்டார் கிழவர். ஆறு வயதுப் பேத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு வெண்ணெய் பிடிக்காது. கிழவருக்கு, வெண்ணெய் கொடுக்கச் சொன்ன டாக்டரையே பிடிக்காது.

"யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது, என்ன?"

"விட மாட்டேன் தாத்தா. இன்னும் கொஞ்சம் எடுங்களேன்."

"பேராசைப்படாதே. மிச்சத்தைத் தின்னு."

பேத்திக்கு வலிப்பு. மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுத்தும் நிற்கவில்லை. சோறு, சர்க்கரையை எல்லாம் நிறுத்திவிட்டுக் கொழுப்பாகவே கொடுக்கும் கீட்டோ சாப்பாட்டை ஆஸ்பத்திரியில் ஆரம்பித்து வைத்தார்கள்.

வெண்ணெய் தின்றால் வலிப்பு நிற்குமாம்! எவன் காதில் பூச்சுற்றுகிறார்கள்? கிழவரின் தம்பி நாற்பது வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான்; கொழுப்பு அடைத்துவிட்டது என்று சொன்னதும் இதே டாக்டர் கூட்டம்தான். பெற்றவர்களுக்குப் புத்தி இல்லை என்றால் கிழவராவது பார்த்துக்கொள்ள வேண்டாமா?

முப்பது வருடம் பழைய இரும்புக் கடையில் எடை போட்டவர். தன் கையைத் தவிர எந்தத் தராசையும் நம்ப மாட்டார். அந்தக் கை ஒரு தடவை வழித்தால் இருபது கிராம். நேற்றும் அதே, நாளைக்கும் அதே, கூடாது, குறையாது.

பொட்டலத்தைக் குப்பைக்கூடையின் அடியில் செருகிவிட்டு வந்தவர், அலமாரியில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார். வேளைக்கு வெண்ணெய் இருபத்தைந்து என்று இருந்தது. ஆனால் கொஞ்ச நாளாக மருமகள் நிறுக்கும்போது தராசில் எண் நாற்பத்தைந்தில் போய் நிற்கிறது. 'டாக்டர் குழி வெட்டினால் இவள் கிணறே வெட்டுவாள்' என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

மறுநாள் ஆஸ்பத்திரி. "என்னதான் புளுகுறாங்கன்னு நானும் பார்க்கறேன்" என்று கிழவரும் கிளம்பினார்.

டயட்டீஷியன் சின்னப் பெண். நோட்டைப் புரட்டியவள் நிமிர்ந்தாள்.

"முதல் வாரம் கொழுப்பு ரொம்பக் குறைவாப் போயிருக்கு. யூரின் டெஸ்ட்லயே தெரியுது. அந்த வாரம்தானே பெரிய வலிப்பு வந்தது?"

"ஆமா மேடம். நாக்கைக் கடிச்சுத் தலகாணியெல்லாம் ரத்தம்" என்றான் மகன். "ஒழுங்கா நிறுக்கக்கூடத் தெரியாதான்னு இவளைத்தான் கன்னாபின்னான்னு திட்டிட்டேன்."

"அடுத்த வாரத்துலேர்ந்து எல்லாம் சரியா இருக்கு. வலிப்பும் வரல. என்ன பண்ணீங்க?"

மருமகள் தன் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அளவு தப்பிட்டிருந்தது. சரி பண்ணிட்டேன்."

"இனிமே தப்பவே கூடாதும்மா. நிறையப் பேர் சோத்தை நிறுத்திடுவாங்க, கொழுப்புக்கு மட்டும் பயந்துக்குவாங்க. உங்க பொண்ணுக்குக் கொழுப்புதான் மருந்து. ஒரு கரண்டி குறைஞ்சா ஒரு வேளை மருந்தைக் கீழ கொட்டின மாதிரி."

அதற்கு மேல் அந்தப் பெண் சொன்ன எதுவும் கிழவர் காதில் ஏறவில்லை. ரத்தக்கறைத் தலையணையோடு மருமகள் தலைகுனிந்து நின்றதும், மகன் கத்தியதும், தான் ஒன்றுமே தெரியாதவர் போல் நாற்காலியில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்ததும் கண்முன் வந்து வந்து போயின.

திரும்பும்போது பஸ்ஸில் மருமகளுக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தார். இரண்டு தடவை தொண்டையைச் செருமினார்.

"என்ன மாமா?"

"ஒண்ணுமில்லம்மா. ஜன்னலைச் சாத்து, பிள்ளைக்குக் காத்து அடிக்குது."

இரும்பைத் தூக்கியவருக்கு நாலு வார்த்தையைத் தூக்க முடியவில்லை.

மத்தியானம் தட்டு வந்தது. மருமகள் வழக்கம்போல் முதுகைக் காட்டிக்கொண்டு குழாயைத் திறந்தாள். ஒரே ஒரு டம்ளருக்கு வெகுநேரம் தண்ணீர் ஓடியது.

பேத்தி தட்டை அவர் பக்கம் தள்ளினாள். கிழவர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"இனிமே தாத்தா எடுக்க மாட்டேன். முழுசும் நீதான் தின்னணும். இது மருந்துடா கண்ணு."

"ஐயே, இவ்ளோவுமா?"

"என் தங்கம்ல? தாத்தாவுக்காக."

ஆயுசில் ஒருத்தரிடமும் கெஞ்சாதவர் கெஞ்சினார். கடைசித் துணுக்கு வரைக்கும் தன் கையாலேயே ஊட்டிவிட்டார்.

கால்மணி நேரம்கூட ஆகவில்லை. குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓங்கரித்தாள். தின்றது அத்தனையும் தரையில். மருமகள் ஓடிவந்து பிள்ளையின் நெற்றியைத் தாங்கிப் பிடித்தாள், முகம் கழுவிவிட்டாள், படுக்க வைத்தாள்.

கிழவர் சுவரோடு சுவராக நின்றார். இனியும் வாய் திறக்காவிட்டால் தான் மனுஷப் பிறவியே இல்லை என்று தோன்றியது.

"அம்மா... முதல் நாள்லேர்ந்து அவ தட்டுல வெண்ணெயை வழிச்சு வீசினது நான்தான். அன்னிக்கு அவளுக்கு வலிப்பு வந்ததும் என்னாலதான், நீ திட்டு வாங்கினதும் என்னாலதான். நான் இந்த வீட்டுல இருக்க லாயக்கில்ல."

மருமகள் துணியை எடுத்து வந்து தரையைத் துடைக்க உட்கார்ந்தாள். அவர் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்.

"இன்னிக்கு ஏன் மாமா எடுக்கல?"