இடக்கைக் கத்தரிக்கோல்

தேர்வு அறைக்கு வெளியே பெஞ்சில் பெரியப்பாவும் அவர் தம்பியும், வாசலில் நர்ஸ், உள்ளே தேர்வாளர்கள் முன்னால் தம்பி மகள். அறுவை சிகிச்சைப் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள். தேர்வுக் குழுத் தலைவர் பெரியப்பாதான். அவள் முறை வந்ததும் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வெளியே வந்து, முதுகு சாயாமல் உட்கார்ந்திருக்கிறார். கதவின் மங்கல் கண்ணாடியில் வெயிலும் அவள் நிழலும் சேர்ந்து அசைகின்றன. செயற்கைத் தோலில் தையல் போட வேண்டும். தட்டில் இருப்பது வலக்கைக் கத்தரிக்கோல். அவளோ பெரியப்பாவைப் போலவே இடக்கைக்காரி.

"ஒரு வார்த்தை சொல்லேண்ணா."

"சொன்னா நாளைக்கு நம்ம குடும்பத்தையே சொல்லுவாங்க. வாயை மூடுடா." ஆனால் அவருடைய இடது விரல்கள் மடியில் காற்றை வெட்டிக்கொண்டிருக்கின்றன.

உள்ளிருந்து அவள் குரல் கணீரென்று வருகிறது: "இது வலது கைக்கானதுங்க. எனக்கு இடது கைக் கத்தரிக்கோல் வேணும்."

"கேட்டா யாருக்கும் குடுப்போமே!" என்று நர்ஸ் சிரித்தபடி வருகிறார். அலமாரி பெஞ்சுக்கு நேர் மேலே இருக்கிறது. "சார், கொஞ்சம் எடுத்துக் குடுங்களேன்."

"நானா? தொடவே மாட்டேன்!"

"அப்ப தலையையாவது குனிங்க சார்!"

குனிகிறார். தம்பி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறார். சற்று நேரத்தில் உள்ளே நூல் நறுக்கென்று வெட்டுப்படுகிறது. பெரியப்பாவின் குனிந்த முகம் முழுக்கச் சிரிப்பு.

மாலையில் இடம் அவளுக்குத்தான் என்று தெரிந்ததும், கத்தரிக்கோலைப் பெரியப்பாதான் எடுத்துக் கொடுத்தார் என்று பேச்சு கிளம்புகிறது. பொய். கேட்டவள் அவள், எடுத்தவர் நர்ஸ். பெரியப்பா தலையைக் குனிந்தார், அவ்வளவுதான்.