இஞ்சாருங்கோ

கடல் கடந்து வந்து குடியேறிய ஊரில் கோயில் தேர் கடைத்தெருவுக்குள் திரும்பியபோது கூட்டம் நெரிந்தது. பக்கத்தில் நின்ற கணவரைத் தவமலர் காணவில்லை. காலையில் இன்சுலின் போட்டவர், இன்னும் சாப்பிடவில்லை. சாப்பாட்டுப் பெட்டி இவள் கையில் இருந்தது.

“ஐயாவுக்கு என்ன பேர், அன்ரி?” வாக்கிடாக்கியோடு நின்ற தொண்டர் கிருசாந்தி கேட்டாள்.

நாற்பது வருடத்தில் அந்தப் பெயரை அவள் வாயால் சொன்னதில்லை; கூப்பிடுவதெல்லாம் ‘இஞ்சாருங்கோ’தான். “நான் கூப்பிட்டா அவருக்குத் தெரியும். இஞ்சை தா, பிள்ளை.”

வாக்கிடாக்கியை வாங்கிப் பொத்தானை அழுத்தினாள். “இஞ்சாருங்கோ! எங்கை நிக்கிறியள்? தலை சுத்துதோ? என்ரை கையைப் பிடியுங்கோ எண்டு சொன்னனான்தானே! ஒரு பதில் சொல்லுங்கோவன்!”

“விரலை எடுங்கோ, அன்ரி. நீங்க அமத்திக்கொண்டிருந்தா அவர் எப்பிடிக் கதைக்கிறது?”

“அவரும் கலியாணம் கட்டின நாளிலையிருந்து இதைத்தான் கேக்கிறார்” என்றபடி விரலை எடுத்தாள்.

வாக்கிடாக்கியின் இரைச்சலுக்குள் யாரோ ஒரு தொண்டன் சிரித்தான். “இஞ்சை ஏழு ஐயாமார் திரும்பிப் பாக்கினம்.”

பிறகு அந்தக் குரல் வந்தது. “ஓம், ஓம். தண்ணிப்பந்தலடியிலை இருக்கிறன். சர்க்கரைத்தண்ணி குடிச்சிட்டன். நீர் முதலிலை மூச்சை விடும்.”

கிருசாந்தி வாக்கிடாக்கிக்குக் கை நீட்டினாள். தவமலர் அதை இரு கைகளாலும் காதோடு அணைத்துக்கொண்டாள். விரல் பொத்தான் பக்கமே போகவில்லை.

“பொறு, பிள்ளை. அவர் இன்னும் கொஞ்சம் கதைக்கட்டும்.”