ஜெயிக்கிற காட்சி

இந்தக் காலத்தில் ஒருவன் செத்தால் போதும், படம் எடுத்து உத்தமனாக்கிவிடுகிறார்கள். படப்பிடிப்புக்காகப் போட்ட குத்துச்சண்டை மேடைமேல் விளக்குகள் கொதிக்கின்றன. தோற்பதற்குக் கொடுத்த காசை வீசியெறிந்துவிட்டு, செத்துப்போன குத்துச்சண்டைக்காரன் ஜெயிக்கிற காட்சி. அவனுக்குக் கையுறை கட்டிவிட்டவன் என்று என்னையும் உட்கார வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் அவன் மனைவி. நடிகன் மூன்றாம் தடவையும் அடியே படாமல், இடது முழங்கால் மடங்கி விழுகிறான். நிஜச் சண்டையில் அன்றைக்கு அவனும் அப்படியேதான் விழுந்தான். "ஜெயிக்கிற சீன்ல ஏன்யா விழுற?" என்று டைரக்டர் கத்துகிறார். "காதுகிட்ட யாரோ 'இப்ப விழு'ன்னு சொல்றாங்க சார்." அன்று அந்தக் காசில் பங்கு வாங்கிக்கொண்டு அவன் காதில் அப்படிச் சொன்னது நான். அவள் என் பக்கம் திரும்புகிறாள். "அண்ணே, அவரு காசு வேணாம்னுதானே சொன்னாரு?" "ஆமாம்மா. இந்தப் பையனுக்குச் சூட்டுல தலை சுத்துது" என்று எழுந்து நடக்கிறேன். முதுகுக்குப் பின்னால் மேடைப் பலகை மறுபடி அதிர்கிறது. சூடாம்! சொன்ன நானே நம்பவில்லை.